ஜெபத்தில் திட்டாதீர்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் கோத்தகிரிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. கொஞ்சம் தேயிலை இருக்கிறது. 15 வருடமாக இரவு 8.30 மணிக்கு வீட்டில் குடும்ப ஜெபம் நடத்துகிறேன். ஆனால் காலேஜ் படிக்கும் மகன் லீவுக்கு வந்தாலும் சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுகிறான். சொத்துப் பங்குத் தகராறில் என் அண்ணன் 4 வருடமாகப் பேசுவதில்லை, கோவிலில் எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால்தான் உட்காருகிறார். அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். விசுவாசம் குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் என்கிறார்களே, எங்கள் வீட்டில் ஏன் இப்படி?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் மகன் விஷயம். உங்கள் ஜெபத்தை நான் கேட்டதில்லை, ஆனால் எங்கள் அப்பாவின் ஜெபத்தைக் கேட்டு வளர்ந்தவன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கணக்கில் கவனத்தைத் தாரும், கண்டவர்களோடு சுற்றும் புத்தியை எடுத்துப்போடும்" என்பார், கண்ணை மூடிக்கொண்டே. ஆண்டவருக்குப் பாதி, எனக்குப் பாதி. நேரில் திட்டினாலாவது பதிலுக்கு ஒரு வார்த்தை பேசலாம், இதில் கடைசியில் நானே ஆமென் வேறு சொல்ல வேண்டும்! நீங்களும் இதைச் செய்கிறீர்களா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப்பாருங்கள், அவருக்குத் தெரியும். யாக்கோபு 5:16-ல் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவதுதான் முதலில் வருகிறது, ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது அதற்கு அப்புறம். நாம் முதல் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். "பச்சைத் தேயிலை விலை இறங்கிய எரிச்சலை இன்றைக்கு வீட்டில் காட்டிவிட்டேன், மன்னியும்" என்று மகன் காதில் விழுகிற மாதிரி ஒருநாள் ஜெபித்துப் பாருங்கள். உடனே வந்து உட்கார்ந்துவிடுவான் என்று சொல்லவில்லை, ஆனால் வாசலில் செருப்பைத் தேடுகிறவன் ஒரு நிமிடம் நிற்பான்.

அண்ணன் விஷயம் இதைவிடக் கஷ்டம். மத்தேயு 5:23 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும், ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பாருங்கள்: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று". உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார் இயேசு. இதைச் சொன்னது கலிலேயாவில், பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் மேல், எல்லாம் நடைதான். உங்களுக்கு இரண்டு பெஞ்ச். திருவிருந்தில் கைக்குக் கை சமாதானம் கொடுப்பது 1950-லேயே சி.எஸ்.ஐ. ஆராதனை முறையில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் தேடுவீர்களா? நான் தேடியிருக்கிறேன்.

எனக்கும் என் தம்பிக்கும் மூன்று வருடம் பேச்சு இல்லை, அவன் குன்னூரில் கீழே இருக்கிறான், நான் மேலே. ஒரு மழைநாள் சாயங்காலம் கால் கிலோ வர்க்கியை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். கதவைத் திறந்தவன் "மேலயும் மழையா?" என்றான், அவ்வளவுதான். டீ வந்தது. வர்க்கி நமத்துப் போயிருந்தது, இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் தின்றோம். தேயிலைக் கவாத்துக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவது தடவை போனபோதுதான் அவனே சொன்னான், அப்பா அடக்கத்தன்று எந்த நேரம், யார் பேசுவது என்று எதையுமே நான் அவனிடம் கேட்கவில்லையாம், வந்தவர்களோடு வந்தவனாக நின்றானாம். நானோ அத்தனை நாளும் நிலம்தான் காரணம் என்று நினைத்து, நிலத்துக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். பங்கு இன்னும் பிரியவில்லை, அது தனிக் கதை.

போகும்போது பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வாசலில் நின்று "உங்களுக்காகத்தான் ஜெபிக்கிறேன்" என்றும் சொல்லிவிடாதீர்கள், நானாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். வர்க்கியை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுபோங்கள்.