பாறை வெடிப்பில் மயில்சிகை: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் பாறைச் சரிவுகளில் வளரும் பெரணிகளை (ஃபெர்ன்)ப் பற்றி நம் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி (பொலோக்வானே): ஐயா, லிம்போப்போ மாகாணத்தில் ஒரு பாறைச் சரிவில் விசிறி போன்ற சிறு செடியைக் கண்டோம். அது மயில்சிகையா?

பதில்: இலை பல முறை இரண்டிரண்டாகப் பிளந்து, குட்டிப் பனையோலை போல விரிந்து, ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கியிருந்தால் மயில்சிகையாகவே இருக்கலாம். கீற்றைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு உள்மடிந்து, தூள் போன்ற வித்துகளை (ஸ்போர்) மூடியிருக்க வேண்டும். ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா என்னும் இப்பெரணி ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கை ஆகிய இடங்களில் வளர்கிறது. அதன் பரவலின் தென்கோடியான நம் நாட்டில் அது எல்லாப் பாறைகளிலும் கிடைப்பதில்லை. இங்குப் பரவலாக உள்ள பெல்லேயா கலமெலானோஸ் என்னும் பெரணி வேறு. அதற்குக் கரிய காம்பும், நீலச்சாம்பல் நிற முக்கோணச் சிற்றிலைகளும் உண்டு.

கேள்வி (லெனேசியா): குளிர்காலத்தில் மயில்சிகை சுருண்டு பழுப்பாகி விடுகிறதே, செத்துவிட்டதா?

பதில்: இல்லை. கோடையில் மட்டும் மழை பெறும் இம்மலைகளில் குளிர்காலம் முழுவதும் வறட்சிதான். சாதாரணச் செடி தன் நீரில் பாதிக்கு மேல் இழந்தால் பிழைப்பது அரிது. மயில்சிகை போன்ற செடிகளோ ஏறக்குறைய முழு நீரையும் இழந்தும் உயிர் காக்கின்றன. உலரும் உயிரணுக்களில் சர்க்கரைகளும் சில காப்புப் புரதங்களும் திரண்டு, கண்ணாடி போல் இறுகி, சவ்வுகள் நொறுங்காமல் தாங்கிக்கொள்கின்றன. அதே சரிவில் வளரும் செரோஃபைட்டா என்னும் செடி தன் பச்சையத்தையே கலைத்துவிட்டு, மழைக்குப் பின் புதிதாக ஆக்கிக்கொள்கிறது. மைரோதாம்னஸ் என்னும் புதரோ பச்சையத்தை வைத்துக்கொண்டு இலையை மடித்து வெயிலை மறைக்கிறது. ஒரே துன்பத்துக்கு இரு வேறு தீர்வுகள் ஒரே பாறையில் அருகருகே இருப்பதை நான் மிகவும் வியக்கிறேன். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தாவர அறிவியலாளர் ஜில் ஃபாரன்ட் இச்செடிகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார். வறட்சியைத் தாங்கும் பயிர்களுக்கு வழி தேடுவதும் அவருடைய நோக்கம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நல்ல மண் இருக்கும்போது மயில்சிகை பாறையை ஏன் நாடுகிறது?

பதில்: நல்ல மண்ணைப் புல் பிடித்துக்கொள்கிறது, அந்தப் புல்வெளியில் வறண்ட மாதங்களில் தீ பரவுகிறது. எரிய எதுவும் இல்லாத பாறை வெடிப்புக்குள் தீ எட்டுவதில்லை. மேலும், பெரணியின் வித்திலிருந்து முதலில் முளைப்பது ஒரு மெல்லிய பச்சைத் தகடு. அதில் ஆணணு நீந்திச் சென்று கருவுறச் செய்வதற்கு ஈரப் படலம் வேண்டும். மழைநீர் வழிந்து தேங்கும் வெடிப்பின் நிழலில் அந்த ஈரம் சற்று நீடிக்கிறது. நாம் தென்னரைக்கோளத்தில் இருப்பதால் வடக்கு நோக்கிய சரிவில்தான் வெயில் அதிகம். தெற்குச் சரிவு குளிர்ந்து, பாசி அடர்ந்திருக்கும். ஒரே மலையின் இரு முகங்களில் இரு வேறு செடிக் கூட்டங்கள் வாழ்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்): மருந்துக்காக மயில்சிகை ஒன்றைப் பெயர்த்து வந்து தொட்டியில் வளர்க்கலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. வெடிப்புக்குள் ஓடிய வேர் அறுபடாமல் வராது. தொட்டியில் நாள்தோறும் நீர் ஊற்றினால் அழுகிவிடும். காட்டுச் செடியை எடுக்க நில உரிமையாளரின் இசைவும், பெரும்பாலும் மாகாண இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் தேவை. படம் எடுங்கள், ஆனால் துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிடாதீர்கள்.

கேள்வி (பொலோக்வானே): அந்தச் சரிவில் உண்ணிச்செடி மண்டுகிறது. வெட்டலாமா?

பதில்: உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள், அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய செடி அது. பாறைமேல் வேரோடு இழுத்தால் பாசி மெத்தையும் அதில் முளைத்த இளம் பெரணிகளும் சேர்ந்து உரிந்து வரும். ஆகவே அடித்தண்டை அறுத்து, துளிர்ப்பதை மீண்டும் மீண்டும் அறுப்பதே பாறைக்கு ஏற்றது.