ரோடு பைக்கில் கிளிப் மட்கார்ட் மாட்டலாமா?

ரோடு பைக்கின் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிளின்) ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில், திருகுத் துளையே இல்லை, டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே விரல்கூட நுழையாது, மட்கார்ட் மாட்ட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கிளிப் வகை இப்படிப்பட்ட வண்டிகளுக்காகவே வந்தது. ஃபோர்க்கையும், சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் ஃபிரேம் கம்பிகளையும் மட்கார்டின் ரப்பர் பட்டையால் சுற்றி இழுத்துக் கொக்கியில் மாட்டினால் போதும்.

மாட்டுவதற்கு முன் பட்டை உட்காரும் இடத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். இதை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். உள்ளே சிக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்த்துவிடும். கார்பன் ஃபிரேம் என்றால் அடியில் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

டயருக்கும் மட்கார்டுக்கும் சுமார் 5 மி.மீ. இடைவெளி, முன்னிருந்து பின்வரை ஒரே சீராக. சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். 'சர்ர்' என்று சத்தம் வந்தால் எங்கோ உரசுகிறது. அப்புறம் ஹேண்டிலைத் திருப்பி, ஷூ நுனி முன் மட்கார்டில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முழுநீள மட்கார்ட் அளவுக்கு இது மறைக்காது. உங்கள் முதுகு நனையாது, ஆனால் பின்னால் ஒட்டி வருபவர் முகத்தில் சேறு அடிக்கத்தான் செய்யும்.