மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளால் தோட்டத்து மக்களுக்கு என்ன பயன்?

பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்காக எழுதிக் குவிக்கிறார்கள், அதனால் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உயிரியல் படிக்கிறவராக இருக்கலாம். வீட்டில் யாரோ இப்படிக் கேட்டு உங்களைச் சோர்வாக்கியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனாலும் இதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் அண்ணன் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. சில வருடங்களுக்கு முன் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தலைவலியில் கண்ணையே திறக்க மாட்டார். ஒரு கிளினிக்கில் டிங்கி (டெங்கு) பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. வைரஸ் காய்ச்சல்தான், தண்ணீர் நிறைய குடியுங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணி பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தார், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். காய்ச்சல் இறங்கவில்லை.

மலேசியா, காய்ச்சல், செம்பனை என்று போட்டு இணையத்தில் தேடியபோதுதான் 1984-இல் அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையின் சுருக்கம் கண்ணில் பட்டது. தீபகற்ப மலேசியாவின் கிராமப்புறத்தில், காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்திருந்தார்கள். அதிகம் கண்டுபிடிக்கப்பட்ட நோய் ஸ்க்ரப் டைபஸ், மொத்தத்தில் 19.3 விழுக்காடு. செம்பனைத் தொழிலாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46.8 விழுக்காடு! காய்ச்சலோடு வந்த செம்பனைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த ஒரே நோய். அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

இந்த நோய் எலிகளை அண்டி வாழும் மிகச் சிறிய ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. புல்லும் புதரும் மண்டிய இடத்தில் கடிக்கும், கடித்தது தெரியாது. கடித்த இடத்தில் சிலருக்குக் கறுப்பாகப் பொருக்கு கட்டும், பலருக்கு அதுவும் இருக்காது. சரியான மருந்து கொடுத்தால் காய்ச்சல் சீக்கிரமே அடங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும், உயிரும் போகலாம்.

மறுநாள் அண்ணனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், அவர் செய்யும் வேலையைச் சொல்லி, அந்தச் சுருக்கத்தையும் காட்டினேன். அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் முகம் சுளிக்கவில்லை. உடம்பு முழுக்கப் பார்த்தார், பொருக்கு எதுவும் இல்லை. இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினார். இரண்டு நாளில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். பிறகு வந்த பரிசோதனை முடிவும் ஸ்க்ரப் டைபஸ் என்றே சொன்னது.

கூகிள் பார்த்து வைத்தியம் செய்யச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மருந்தை முடிவு செய்தது டாக்டர். ஒரு குடும்பத்தின் கதை ஆதாரம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆதாரம் அந்த 1,629 பேர். அவர்களில் நம் தாத்தா பாட்டிகள் வயதுத் தொழிலாளர்கள் எத்தனை பேரோ. அவர்கள் கொடுத்த இரத்தத்தில் எழுதிய கட்டுரை அது. அப்புறம் அது எப்படி நமக்குச் சம்பந்தமில்லாதது ஆகும்?

இந்த நோய்க்கு நல்ல மருந்து முதலில் நிரூபிக்கப்பட்டதே நம் நாட்டில்தான். 1948-இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து குளோரம்ஃபெனிக்கால் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அதே வேலையின்போது, ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று தெரிந்தது. அவர்களும் குணமானதால் டைபாய்டுக்கும் மருந்து கிடைத்தது. அந்த 1984 கட்டுரையை எழுதியவர்களில் டாக்டர் எம். ஜெகதீசன் ஒருவர். ஆமாம், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் ஓட்டப்பந்தயத்தில் மூன்று தங்கம் வென்ற நம் 'பறக்கும் டாக்டர்' அவரேதான். அவர் ஓடியது எல்லாருக்கும் தெரியும். நோயை ஆராய்ந்ததை எந்த மேடையில் சொல்கிறோம்? எங்கள் ஊர் விழாக்களில் பொன்னாடை எல்லாம் வெளியூரிலிருந்து வரும் நடிகருக்குத்தான் போகிறது. பள்ளி நூலகத்துக்கு அறிவியல் புத்தகம் வாங்க வேண்டும் என்று போனால் சங்கத்தில் காசு இல்லை என்கிறார்கள். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லாமல் இருக்கலாம், ஆனால் வயிறு எரிகிறது.

உங்கள் வீட்டில் மறுபடியும் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கட்டுரையின் சுருக்கத்தைப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தோட்டத்தில் யாருக்காவது காய்ச்சல் விடாமல் அடித்து, டிங்கியும் இல்லை என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா பாருங்கள் டாக்டர்."