வீட்டில் தோட்டா நிரப்ப முதல் பிரஸ் எது வாங்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். .308 ரைஃபிளுக்கும் 9 மிமீ கைத்துப்பாக்கிக்கும் நானே தோட்டா நிரப்ப ஆசை. எந்த பிரஸ் (லீவரை இழுத்து தோட்டா நிரப்பும் கருவி) நல்லது?

முதலில் ஒரு சிங்கிள் ஸ்டேஜ் வாங்குங்கள். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் போன்ற வார்ப்பிரும்பு பிரஸ் பல வருடம் உழைக்கும். அதில் ஒரு நேரத்தில் ஒரே டை (கூட்டை அளவுக்கு அமுக்குவது போன்ற ஒரு வேலையைச் செய்யும் அச்சு), லீவரை ஒரு முறை இழுத்தால் ஒரே வேலை. மெதுவானதுதான். ஆனால் சுட்ட பித்தளைக் கூடு டைக்குள் ஏறும்போது கையில் ஒரு இறுக்கம் தெரியும். எண்ணெய் குறைவாகப் பூசியிருந்தால் அந்த இறுக்கமே சொல்லிவிடும். அங்கேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். .308க்கு இது போதும்.

9 மிமீ வாரம் நூற்றுக்கணக்கில் சுடுவீர்கள் என்றால் அலுத்துவிடும். அப்புறம் பல டைகளைச் சுழலும் தலையில் வைத்திருக்கும் டர்ரெட் அல்லது டில்லான் 750 மாதிரி புரோகிரஸிவ் பக்கம் போகலாம். புரோகிரஸிவில் ஒவ்வொரு இழுப்புக்கும் பல வேலைகள் ஒன்றாக நடக்கும். புதியவர் அதில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 9 மிமீ கூட்டில் பல வகை வெடிமருந்து இரட்டை அளவு விழுந்தாலும் வழியாமல் உள்ளே நின்றுவிடும். சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். எந்த பிரஸ் ஆனாலும், குண்டை வைக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள்.

டை பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான டைகள் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி அளவுதான். பிரஸ் மாற்றினாலும் பொருந்தும். மிச்சமாகும் பணத்தில் நல்ல தராசும், வெடிமருந்து அளவுகள் அச்சிட்ட கையேடும் வாங்கிவிடுங்கள்.