மாக்கணக்கு அறிந்தவரின் இருக்கை

அன்புள்ள ஐயா,

தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். சோழர்கால நிலவுடைமை குறித்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கவிருப்பதாகவும், அனுமதி இலவசம், அனைவரும் வருக என்றும் நாளிதழில் கண்டு, கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றேன். வாயிற்காவலர் ‘எந்தத் துறை?’ என்று கேட்டார். உள்ளே ஒரு மணி நேரம் பொன்னாடை, உரை இருபது நிமிடம். எங்களைப் போன்றோருக்கு அங்கே உண்மையிலேயே இடம் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. யாரோ ஒருவர் தம் பெற்றோர் பெயராலோ ஆசிரியர் பெயராலோ செலுத்திய வைப்புத்தொகையின் வட்டியில் நடப்பதே அறக்கட்டளைச் சொற்பொழிவு. ஆகவே ‘சொற்பொழிவு கேட்க வந்தேன்’ என்பதே காவலருக்குப் போதுமான விடை. பொன்னாடையைப் பற்றி நான் எழுதுவது முறையாகாது, நானும் போர்த்திக்கொண்டவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கூட்டமொன்றில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் திரையில் காட்டிப் பேசிய இளம் ஆய்வாளர், வேலி என்னும் அளவில் தொடங்கி, அதன் 1/20 ஆகிய மா, 1/80 ஆகிய காணி, 1/320 ஆகிய முந்திரி என்று பின்னம் பின்னமாக இறங்கிச்செல்லும் நில அளவு வந்த இடத்தை, ‘இவ்வாறு சிறு சிறு அளவுகள்’ என்று சொல்லிக் கடந்துவிட்டார். கடைசி வரிசையிலிருந்து தோளில் துண்டுடன் ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, எங்க ஊர்ல இன்னிக்கும் மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அந்தக் காலத்து மாவும் இதே அளவுதானா? எந்தக் கோலால அளந்தாங்க?” என்று கேட்டார். ஆய்வாளர் திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, பதினாறு சாண் கோல் பற்றியும், கோல் மாறினால் அதே பெயருடைய அளவு வேறு பரப்பாகிவிடுவது பற்றியும் அரைமணி நேரம் பேசினார். அன்று நான் குறித்துக்கொண்டவை யாவும் அந்த அரைமணி நேரத்தில் சொல்லப்பட்டவையே.

மாவுக்கு எத்தனை கிலோ யூரியா என்று நாள்தோறும் கணக்குச் சொல்லும் தாங்கள் அமர்ந்திருக்கும் அரங்கில், நிலவுடைமை பற்றிப் பேசுபவர் கூடுதல் கவனத்தோடு பேசியாக வேண்டும். புலமை அரங்கில் பொதுமக்கள் அமர்வது தஞ்சைப் பகுதிக்குப் புதிதுமன்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911இல் தோன்றியது. சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் வேலைநாளில், காலை 11 மணிக்கு, அதுவும் தை அறுவடைக் காலத்தில் கூட்டம் வைத்துவிட்டு ‘அனைவரும் வருக’ என்று அச்சிடுவது அழைப்பாகாது. மாலையில், கடைசிப் பேருந்துக்கு முன் முடியும்படி வைக்குமாறு அத்துறைத் தலைவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

அடுத்த முறை கேள்வியை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். நேரமின்மையால் கேள்விகள் இல்லை என்று அறிவித்துவிட்டால், நாட்டுப்பண் முடிந்தபின் தேநீர் மேசையருகே பேச்சாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர் அங்கே தனியாகத்தான் நின்றுகொண்டிருப்பார்.