டாக்டர் ஸ்லீப்: நாவலை மாத்துனதை நான் ஏன் தப்புன்னு சொல்ல மாட்டேன்

கேள்வி: 'டாக்டர் ஸ்லீப்' படம் ஸ்டீபன் கிங் நாவலோட முடிவையே மாத்திடுச்சாமே, நாவல் படிச்சவங்களுக்கு அது ஏமாத்தமா இல்லையா?

எனக்கு இல்லங்க. கடைசி சீன் வரைக்கும் பேசப்போறேன், பார்க்காதவங்க படத்தைப் பார்த்துட்டு வந்து படிங்க.

மாத்துனது உண்மைதான், அதுவும் கொஞ்சநஞ்சமில்ல. ஆனா ஏன்னு புரியணும்னா இதுக்கு முன்கதையா கிங் 1977-ல எழுதின 'தி ஷைனிங்' நாவலுக்குப் போகணும். ஜாக் டோரன்ஸ்னு குடியை விடப் போராடுற ஒரு எழுத்தாளர், பனிக்காலத்துல மூடிக்கிடக்கிற ஓவர்லுக் ஹோட்டலைப் பார்த்துக்க பொண்டாட்டியையும் அஞ்சு வயசுப் பையன் டேனியையும் கூட்டிக்கிட்டு கொலராடோ மலைக்குப் போவாரு, அந்த ஹோட்டல் அவரைக் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கி பெத்த பிள்ளையவே கொல்லத் துரத்த வைக்கும். கடைசில பையன் முன்னாடி ஆயுதத்தோட நிக்கும்போது ஒரே ஒரு நிமிஷம் பழைய அப்பா திரும்பி வந்து அவனை ஓடச் சொல்லுவாரு, அப்புறம் பாய்லர் வெடிச்சு ஹோட்டலோட அவரும் எரிஞ்சுபோவாரு. அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, பயத்துல இல்ல, மனசு அவ்வளவு கனமா இருந்துச்சு.

1980-ல ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்துல அந்த ஒரு நிமிஷமே கிடையாது. ஜாக்கா நடிச்ச ஜாக் நிக்கல்சன் கோடாரியோட துரத்தி, பனியில உறைஞ்சு செத்துப்போவாரு, ஹோட்டல் அப்படியே நிக்கும். பெரிய படம்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, ஆனா கிங்குக்கு அது பிடிக்கல, பல வருஷமா வெளிப்படையாவே சொன்னாரு, 1997-ல தானே திரைக்கதை எழுதி டிவி தொடராவும் கொண்டுவந்தாரு. அவரும் குடியில சிக்கி மீண்ட மனுஷன், ஷைனிங் எழுதும்போது தன்னைப் பத்திதான் எழுதுறோம்னே தெரியாம எழுதினதா பின்னாடி சொல்லியிருக்காரு. அப்போ அந்த அப்பாவுக்குக் கடைசில ஒரு மீட்பு கூட இல்லாமப் போனா அவருக்கு வலிக்காதா?

2013-ல ரெண்டாவது நாவல் டாக்டர் ஸ்லீப் வந்துச்சு. டேனி வளர்ந்து அப்பா மாதிரியே குடிகாரனாகி, குடியை விடுறவங்க கூட்டத்துல சேர்ந்து மீண்டு, சாகப்போற பெரியவங்க இருக்கிற ஒரு ஹாஸ்பைஸ்ல வேலை பார்ப்பான். இன்னொரு பக்கம் ட்ரூ நாட்னு ஒரு கூட்டம், டேனிக்கு இருக்கிற மாதிரி அடுத்தவங்க மனசைப் படிக்கிற 'ஷைனிங்' சக்தி இருக்கிற குழந்தைகளைச் சித்ரவதை பண்ணி அவங்ககிட்ட இருந்து வர்ற ஆவியை உறிஞ்சி நூத்துக்கணக்கான வருஷம் வாழுது (நீராவிக்கும் பேய்க்கும் உயிருக்கும் தமிழ்ல ஒரே வார்த்தை இருக்கிறது இந்தக் கதைக்குன்னே அமைஞ்ச மாதிரி இருக்கு). அவங்க கண்ணு அப்ராங்கிற பொண்ணு மேல விழுது, அவளை டேனி காப்பாத்தணும்.

இப்போ 2019-ல இதைப் படமா எடுக்க வந்த மைக் ஃப்ளானகனோட சிக்கலைப் பாருங்க. நாவல்படி ஹோட்டல் எரிஞ்சுபோச்சு, உலகமே பார்த்த பழைய படத்துல அது நிக்குது. அவர் அந்தப் படத்தோட ஹோட்டலைத்தான் எடுத்துக்கிட்டாரு, ஆனா திரும்ப ஓவர்லுக்குக்குப் போறதுல கிங்குக்கு முதல்ல இஷ்டமில்ல. அப்புறம் ஃப்ளானகன் ஒரே ஒரு சீனைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினாரு. ஹோட்டல் பார்ல டேனி உட்கார்ந்திருக்கான், எதிர்ல சரக்கு ஊத்துற பார்டெண்டர் வேற யாரும் இல்ல, அவங்க அப்பாதான். ஆனா நான் உங்க அப்பா இல்ல, வெறும் பார்டெண்டர்னு சாதிக்கிறாரு. டேனி செத்துப்போன அம்மாவைப் பத்திப் பேசுறான், அவரு கிளாஸை நகர்த்திக்கிட்டே இருக்காரு.

இதை நான் எங்க சித்தப்பாவோட பார்த்தேன். அவரு குடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சு, பேய்ப்படம்னா எழுந்து போயிடுவாரு, அன்னிக்கு என்னமோ உட்கார்ந்திருந்தாரு. இந்த சீன் வந்தப்போ போனைக் கீழ வச்சிட்டு டிவியைப் பார்த்து மெதுவா "எடுத்துடாதடா"ன்னாரு. டேனி எடுக்கல. சித்தப்பா அப்புறம் படம் முடியுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

நாவல்ல டேனி பிழைச்சுக்குவான். படத்துல ஹோட்டல் அவனைப் பிடிச்சுக்கும், அப்ராவைக் கொல்லப் போவான், ஒரு நிமிஷம் தன்னிலைக்கு வந்து அவளைத் தப்பிக்க விட்டுட்டு பாய்லர் ரூமுக்குப் போய் ஹோட்டலோட எரிஞ்சுபோவான். கவனிச்சீங்களா, இது 1977 நாவல்ல அப்பாவுக்கு இருந்த முடிவு, குப்ரிக் விட்டுட்டது, 39 வருஷம் கழிச்சுப் பிள்ளை வழியா திரையில வந்துச்சு. குப்ரிக் படத்துல தனக்குப் பிடிக்காம இருந்ததெல்லாம் இந்தப் படத்தால சரியாச்சுங்கிற மாதிரி கிங்கே சொன்னாரு.

குறை இல்லாம இல்ல. நாவல்ல அப்ரா டேனிக்கு ரத்த சொந்தம், அதைத் தூக்கிட்டாங்க. அப்புறம் அந்த ட்ரூ நாட் கூட்டம், நாவல்ல அவங்க பெரிய வேன்ல ஊர் ஊரா சுத்துற ரிட்டயர்டு ஆளுங்க மாதிரி, பக்கத்துல நின்னாக்கூட சந்தேகம் வராத மாதிரி இருப்பாங்க, அந்த பயம் படத்துல குறைஞ்சுபோச்சு, கூட்டத் தலைவியா வர்ற ரெபெக்கா ஃபெர்குசன் எவ்வளவு மிரட்டினாலும். பேஸ்பால் ஆடுற ஒரு பையனை அந்தக் கூட்டம் சித்ரவதை பண்ற சீனை என்னால ரெண்டாவது தடவை பார்க்க முடியல, குழந்தைங்க இருக்கிற வீட்ல போடாதீங்க.

தியேட்டர்ல வந்தது ரெண்டரை மணி நேரம், டைரக்டர்ஸ் கட் மூணு மணி நேரம். கிடைச்சா மூணு மணி நேரத்தைப் பாருங்க, அதுக்கு முன்னாடி ஷைனிங் நாவலைப் படிச்சிடுங்க, குப்ரிக் படத்தை மட்டும் பார்த்துட்டு வந்தா அந்த பாய்லர் ரூம் எதுக்குன்னே பிடிபடாது.