ஒரு அடிக்குக் கீழே களி எங்கிருந்து வந்தது?

கேள்வி: பென்னாகரம் பக்கம், காட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் மானாவாரிச் செம்மண். நிலக்கடலை போடுகிறேன். மாங்கன்றுக்குக் குழி எடுத்தபோது, ஒரு அடிவரை பொலபொலவென்ற மண்; அதற்குக் கீழே கடப்பாரை இறங்காத சிவப்புக் களி. மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. பத்து நாள் மழை இல்லையென்றால் செடி வாடுகிறது. மண் பரிசோதனையில் களி மேலே 18 சதவீதம், கீழே 29. பி.எச். 6.8. அக்கா மகன் ‘அல்ஃபிசால்’, காட்டு மண் என்கிறான். முன்பு யாராவது ஏரி வண்டல் அடித்திருப்பார்களா? ஜேசிபி விட்டு மேல்கீழாகப் புரட்டலாமா?

பதில்: புரட்ட வேண்டாம். வண்டல் அடித்திருந்தால் அது மேலேதானே கிடக்கும்? அந்தக் களி பெரும்பாலும் உங்கள் மேல்மண்ணிலிருந்தே இறங்கியது.

களித் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கோடையில் காய்ந்த மண்ணில் மழை விழும்போது, அந்த நீரில் உப்பு அநேகமாக இல்லாததால், ஒட்டிக்கிடந்த துகள்கள் பிரிந்து கலங்குகின்றன. கலங்கல் வேர்த்துளை, வெடிப்பு வழியாக இறங்குகிறது. கீழேயுள்ள காய்ந்த மண் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ள, களி ஓரங்களில் படிந்துவிடுகிறது. கலங்கல் தண்ணீரை வேட்டித் துணியில் வடித்தால் சேறு நிற்குமே, அப்படி. ஆயிரக்கணக்கான வருஷம் மழையும் கோடையும் மாறி மாறி வந்ததில் உருவான அடுக்கு இது. மரங்களோ ஆழத்துக் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் இழுத்துச் சருகாக மேலே உதிர்த்துக்கொண்டிருந்தன. மண் புளிக்காமல் இருந்ததில் அதற்கும் பங்குண்டு.

நீங்களே பார்க்கலாம். குழிச் சுவரிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து, கத்தி படாமல் கையால் பிட்டுப் பாருங்கள். உடைந்த முகத்தில் மெழுகு பூசினதுபோல் பளபளப்பு இருந்தால், அது இறங்கிய களி. இல்லையென்றால், ஓடை எப்போதோ கொண்டுவந்து போட்ட படிவாகவும் இருக்கலாம்.

அக்கா மகன் சொன்னதுபோல் இது அல்ஃபிசால்தான். அமெரிக்க மண் வகைப்பாட்டில் அந்தப் பெயர் பெற, மேல்மண்ணில் களி 15 முதல் 40 சதவீதத்துக்குள் இருந்தால், கீழே அதைப்போல் குறைந்தது 1.2 மடங்கு இருக்க வேண்டும். உங்கள் 18-க்கு 22 இருந்தாலே போதும், 29 இருக்கிறது. அடுத்தது, மண் பிடித்துவைத்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் வகையறா அதன் கொள்ளளவில் 35 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்தால் அது ‘அல்டிசால்’, கழுவிப்போன புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பி.எச். 6.8 என்னும்போது அந்தக் கவலை இல்லை. அலுமினியம், ஃபெர்ரம் (இரும்பு) இரண்டின் முதலெழுத்துகள்தான் அந்த ‘அல்ஃப்’. மழையும் வறட்சியும் மாறிவரும் நம் பக்கத்து வகைக்கு ‘அஸ்டால்ஃப்’ என்று பெயர். உலக வகைப்பாட்டில் இதே மண் லுவிசால் அல்லது லிக்சிசால் ஆகும்.

ஏன் புரட்டக்கூடாது? அந்தக் களி மேலே வந்தால், மழைக்குப் பின் ஓடுபோல் காய்ந்துவிடும். பூவிலிருந்து இறங்கி மண்ணுக்குள் காயாகும் கடலை விழுது இறங்காது, பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே நிற்கும். களி எதிரியும் அல்ல, ஈரம் அங்கேதான் தங்குகிறது. இரும்பு ஆக்சைடும் சேர்ந்து அதை இறுக்கியிருப்பதால் வேர் போக வழியில்லை, அவ்வளவுதான்.

வழி திறக்க, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை போதும். அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்தில், குறுக்கும் நெடுக்குமாக, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. கோடையில் நன்றாகக் காய்ந்தபிறகு ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் உளி அறுத்துக்கொண்டு போகுமே தவிர மண் தகராது. பிறகு ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க் கழிவோ போட்டு, சாதாரணக் கலப்பையால் கலந்துவிடுங்கள்.

மாங்குழியின் சுவரை மண்வெட்டி வழவழப்பாக்கியிருக்கும். நடுவதற்கு முன் நான்கு பக்கமும் கடப்பாரையால் கொத்திவிடுங்கள்.